முதலாம் பாடம் வாசிக்கிறவர்களுக்கு



ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்க எழுந்து போகிறவர்கள் நீங்கள். வாயில் நுழையாத ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் எல்லாம் உங்கள் பங்கில்தான் வரும். இரண்டாம் பாடக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. நானும் முப்பத்தோரு வருஷம் அந்த மேசைக்குப் பின்னால் நின்றவன். கண் மங்கிவிட்டதால் போன வருஷத்தோடு நிறுத்திக்கொண்டேன். வாசிக்கிறபோது எழுத்து தப்பக்கூடாது என்பதிலேயே கவனம் போய்விடும். பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் சில விஷயங்கள் உறைக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் கதை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சாம்பல் புதன் சாயங்காலம். பாடம் ஏசாயா 58, உபவாசத்தைப் பற்றிய அதிகாரம். அப்போது நான் சபைக்குப் பொருளாளரும்கூட. கோயிலின் தெற்குக் காம்பவுண்ட் சுவரைக் கட்டி முடித்த கொத்தனாருக்குப் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. கமிட்டி கூடித் தீர்மானம் எழுதினால்தான் காசோலை. கமிட்டியோ லெந்து கூட்டங்கள் முடிந்த பிறகுதான். அவர் அன்றைக்கு வந்து, செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு மேலே, தான் கட்டின சுவரிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். "ஆராதனை முடியட்டும், பேசுவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வெளியேயும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. நன்றாகவே வாசித்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று வீட்டில் இரண்டு முறை பழகியிருந்தேன். முடிந்து வெளியே வந்ததும் இரண்டு பேர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். கொத்தனாரும் இறங்கி வந்தார். "ஐயா, உள்ள படிச்சது நீங்கதானே? பசிச்சவனுக்குச் சோறுன்னு ஏதோ வந்துச்சே" என்றார். குத்திக்காட்டவில்லை. அவர் கிறிஸ்தவர் அல்ல. கேட்டதை விசாரித்தார், அவ்வளவுதான்.

அன்றிரவே செயலரை எழுப்பிக் கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. பாக்கி ஈஸ்டருக்குப் பிறகுதான் போனது.

தீர்க்கதரிசிகளின் பாடம் வரும்போதெல்லாம் நம் பக்கத்தில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். அந்தக் காலத்து ஜனங்கள் வெறும் சடங்காக ஆடுமாடு பலியிட்டார்கள், உதட்டால் பாடினார்கள், உள்ளத்தில் உருக்கம் இல்லை, அதனால் கர்த்தருக்குக் கோபம் வந்தது என்போம். நாமோ பலி கொடுப்பதில்லை. கண்ணை மூடிப் பாடுகிறோம், கண்ணீர் விட்டு ஜெபிக்கிறோம். ஆகவே அந்தக் கண்டனம் நம்மைத் தாண்டி யாரோ பழங்காலத்து மனுஷர்மேல் போய் விழுகிறது. எத்தனையோ பிரசங்கத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். தீர்க்கதரிசிகளிடம் திட்டு வாங்கியவர்கள் உருகாதவர்கள் அல்லர். நன்றாக உருகியவர்கள்.

நான் வாசித்த அந்த ஏசாயா அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வசனத்தில் ஜனங்களைப் பற்றிக் கர்த்தர் சொல்வது வசை மாதிரியே இருக்காது. நாள்தோறும் அவர்கள் தம்மைத் தேடுவதாகவும், தம் வழிகளை அறிய ஆசைப்படுவதாகவும், தம் கிட்ட வர விரும்புவதாகவும் சொல்கிறார். அவர்கள் பக்தியில் ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது: உபவாச நாளிலேயே வேலையாட்களை நெருக்குகிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த இடம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. எபிரெயத்தில் அந்த நெருக்கடிக்கு வரும் வினை, எகிப்தில் இஸ்ரவேலரை அடித்து வேலை வாங்கிய மேஸ்திரிகளுக்கு வரும் பெயரோடு ஒரே வேரில் பிறந்தது. சாக்கை உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, நாணல் போலத் தலையைத் தொங்கவிட்டிருக்கிறவர் வீட்டில் ஒரு சின்ன எகிப்து நடந்துகொண்டிருக்கிறது.

மல்கியாவிடம் இன்னும் முகத்தில் அறைகிற மாதிரி ஒன்று இருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் பலிபீடமே கண்ணீரால் நனைகிறது; அழுகையும் பெருமூச்சுமாகக் கிடக்கிறது. இருந்தும் காணிக்கை ஏற்கப்படவில்லை. ஏன் என்று கேட்கிறவனுக்கு வரும் பதில், இளவயதில் கட்டிக்கொண்ட மனைவிக்கு நீ துரோகம் செய்தாய் என்ற பொருளில் இருக்கிறது. கண்ணீர் பொய்யென்று மல்கியா சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நிஜக் கண்ணீராகவே இருக்கட்டும், வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவள் கணக்கு என்னாயிற்று என்று கேட்கிறார்.

இப்போது பெத்தேலுக்குப் போவோம். எருசலேமுக்கு வடக்கே ஒரு நாள் நடையில் இருந்த ஊர். வடக்கு ராஜ்யத்தின் அரச ஆலயம் அங்கேதான். கி.மு. எட்டாம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாம் 41 வருஷம் ஆண்ட காலம். எல்லை விரிந்தது, பணம் புரண்டது. தலைநகரமான சமாரியாவை 1930-களில் தோண்டியபோது யானைத்தந்தத்தில் செதுக்கிய துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கட்டில், நாற்காலி போன்றவற்றில் பதித்திருந்தவை. தந்தக் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறவர்களை ஆமோஸ் வைவது வாய்க்கு வந்த மிகைப்பேச்சு அல்ல என்பதற்கு அந்தத் துண்டுகள் சாட்சி.

ஆமோஸ் தெற்கே தெக்கோவாக்காரர். ஆடுமாடு மேய்த்து, காட்டத்தி மரம் பார்த்துப் பிழைத்தவர். அவர் போய் நின்ற பெத்தேலில் வழிபாடு செத்துக் கிடக்கவில்லை. காலைதோறும் பலி, தசமபாகம், மனமுவந்து கொடுக்கும் காணிக்கை, யாழ், பாட்டு, பண்டிகைக் கூட்டம். வருகையைக் கணக்கெடுத்தால் எந்தச் சபை ஐயரும் பொறாமைப்படுவார். அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுதான், இந்தப் பண்டிகைகள் கர்த்தருக்கு வெறுப்பு, பாட்டுச் சத்தம் அவருக்கு இரைச்சல் என்று அவர் சொன்னார். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ராஜாவுக்குப் புகார் அனுப்பிவிட்டு, யூதாவுக்கே ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள், இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்று விரட்டினான். அது ராஜாவின் ஸ்தலம் என்ற உண்மை, ஆத்திரத்தில் அவன் வாயாலேயே வந்துவிட்டது.

அப்படி என்னதான் குற்றம்? எட்டாம் அதிகாரத்தில் ஒரு வியாபாரி வருகிறான். ஓய்வுநாளில் கடையை அடைக்கிறவன். மாதப்பிறப்பையும் தவறவிடாதவன். சட்டப்படி நடக்கிறவன்தான், ஆனால் எப்போது பொழுது சாயும், எப்போது கடையைத் திறக்கலாம் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறான். திறந்ததும் என்ன செய்வான் என்பதை ஆமோஸ் சந்தைக்காரனைப் போலவே சொல்கிறார். அந்த நாளில் அங்கே நாணயம் புழக்கத்தில் இல்லை. வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். எபிரெயத்தில் கல்லுக்கும் எடைக்கும் ஒரே சொல், ஏபென். நாம் எடைக்கல், படிக்கல் என்று சொல்வது போலத்தான். யூதா நாட்டில் தோண்டிய இடங்களில் உச்சி குவிந்த சுண்ணாம்புக்கல் எடைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம். நம் வியாபாரி தானியம் அளக்கும் மரக்காலைச் சின்னதாக்குகிறான். வெள்ளியை நிறுக்கும் கல்லைக் கனமாக்குகிறான். வாங்க வந்தவனுக்கு வீட்டுக்கு எடுத்துப்போகிற கோதுமையும் குறைவு, கையிலிருந்து போகிற வெள்ளியும் அதிகம். போதாததற்குத் தட்டிப் புடைத்துக் கழித்த பதரையும் சேர்த்து அளக்கிறான். இப்படி இளைத்தவன் கடனில் விழும்போது ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு அவனையே வாங்கிக்கொள்கிறான்.

பெத்தேலில் அவன் பாடும்போது மனம் உருகியிருக்காது என்றா நினைக்கிறீர்கள்? நான் அப்படி நினைக்கவில்லை. நன்றாகவே உருகியிருக்கும். வியாபாரம் செழித்ததற்கு நன்றி சொல்கிறவனுக்குக் குரல் தழதழக்கத்தானே செய்யும்.

இரண்டாம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி, ஒரே வசனத்தில் வந்து போய்விடும். அடகாக வாங்கிய ஆடைகளை விரித்து, பலிபீடத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். இதன் சூடு தெரிய யாத்திராகமத்தின் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் சூரியன் சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவனுக்குப் பகலில் ஆடையும் இரவில் போர்வையும் அது ஒன்றுதான். அப்படியானால் இரவில் பலிபீடத்தின் பக்கத்தில் ஒருவன் அதன்மேல் படுத்திருக்கும்போது, வேறெங்கோ ஒருவன் குளிரில் கிடக்கிறான்.

ஆடை பறிபோன அப்படிப்பட்ட ஒருவனின் முறையீடே நமக்குக் கிடைத்திருக்கிறது. 1960-இல், மத்தியதரைக் கடலோரம் யாவ்னே-யாம் அருகில் ஒரு பழைய கோட்டையைத் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓட்டுத் துண்டுகள் அகப்பட்டன. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஏறத்தாழ எரேமியாவின் காலம். எழுதுவித்தவன் ஒரு அறுப்புக்காரன். அவன் பெயர்கூட அதில் இல்லை. அதிகாரியை நோக்கிச் சொல்கிறான்: அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன், அதற்குப் பிறகு சோபாயின் மகன் ஓசாயா வந்து என் ஆடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான், வெயிலில் என்னோடு அறுத்த சகோதரர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், ஆடையைத் திருப்பி வாங்கித் தாருங்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். பேசத் தெரியாத மனுஷன், பக்கத்தில் எழுதுகிறவர் அப்படியே எழுதியிருக்கிறார் என்று தோன்றும். ஆடை திரும்பக் கிடைத்ததா என்பதற்கு ஓடு எதுவும் இல்லை. அதை எடுத்துப்போன ஓசாயாவின் பெயரிலேயே கர்த்தரின் பெயர் இருக்கிறது. கர்த்தர் இரட்சிக்கிறார் என்று அர்த்தம். ஆமோஸை வாசிக்கும்போது எனக்கு அந்த ஓடு நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆமோஸின் ஐந்தாம் அதிகாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு உவமை உண்டு. நியாயம் தண்ணீராகப் புரளட்டும், நீதி வற்றாத நதியாகட்டும் என்கிற கருத்து. 1963-இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் அதைச் சொன்ன பிறகு அது உலகம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் அந்த நாட்டின் ஆறுகளை நினைத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டும். அங்கே பெரும்பாலான ஓடைகள் மழைக்காலத்தில் கரை புரண்டு, கோடையில் வெறும் கல்லாகக் கிடப்பவை. காட்டாறு என்போமே, அதுதான். ஆமோஸ் கேட்பது காட்டாறு அல்ல. எபிரெயத்தில் 'ஏத்தான்' என்று ஒரு அடை சேர்க்கிறார், வருஷம் முழுக்க ஓடுகிறது என்று பொருள். பண்டிகைக்குப் பண்டிகை பெருகி வந்து வடிந்துபோகிற பக்தியைப் பார்த்துவிட்டு அவர் அந்தச் சொல்லைத் தேர்ந்திருக்கிறார் என்பது என் யூகம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏசாயா 29-இல் உதடு கிட்ட, இருதயம் தூரம் என்று இருக்கிறதே, அது உருக்கத்தைப் பற்றித்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் வெகுநாள் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன். எபிரெயத்தில் லேவ், அதாவது இருதயம், முக்கியமாக நினைக்கிற, தீர்மானிக்கிற இடம். பொங்குகிற உணர்ச்சிக்கு அவர்கள் பெரும்பாலும் குடலையும் சிறுநீரகத்தையும் சொன்னார்கள். ஆகவே இருதயம் தூரமாக இருக்கிறது என்றால் கண் கலங்கவில்லை என்று அர்த்தமில்லை. தீர்மானங்கள் வேறு எங்கோ எடுக்கப்படுகின்றன என்று அர்த்தம். இயேசு அதே வசனத்தை எடுத்தாண்டது எந்த இடத்தில் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் பாருங்கள். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கை என்று நேர்ந்துவிட்டு, கொடுக்காமல் தப்பிக்கிறவர்களைப் பற்றிய பேச்சில். அங்கேயும் பேச்சு பணத்தைப் பற்றித்தான்.

இன்னொன்று. பலியைத்தான் தீர்க்கதரிசிகள் தள்ளினார்கள், நமக்கு வம்பில்லை என்றும் இருந்துவிட முடியாது. ஆமோஸ் பாட்டையும் சேர்த்துத் தள்ளுகிறார். ஏசாயா முதல் அதிகாரம் ஜெபத்தையும் தள்ளுகிறது: எவ்வளவு ஜெபித்தாலும் கேட்கமாட்டேன், விரித்த கைகளில் இரத்தம் இருக்கிறது என்று. ஆடுமாடு நம்மிடம் இல்லைதான். பாட்டும் ஜெபமும் இருக்கின்றன.

அதற்காக அவர்கள் கோயிலுக்கு விரோதிகள் என்று இன்னொரு பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. கோயிலுக்குப் போகாமலே நல்லவனாக இருக்கலாம் என்பதற்கு ஆமோஸைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். ஏசாயாவுக்குத் தரிசனம் கிடைத்தது தேவாலயத்தில், அவர் உதட்டைத் தொட்ட நெருப்புத்தழல் பலிபீடத்திலிருந்து வந்தது. எரேமியா ஆனதோத்து ஊர் ஆசாரியக் குடும்பம். எசேக்கியேலும் ஆசாரியர். மல்கியாவோ பலியை ஒழுங்காகச் செய்யவில்லை என்றே சண்டைக்கு வருகிறார்: குருடும் நொண்டியுமான ஆட்டைக் கொண்டுவருகிறாயே, அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வானா என்று. ஆசாரியச் சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. பிறனை ஏமாற்றி எடுத்தவன் முதலில் அந்தப் பொருளை ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிறகுதான் குற்றநிவாரணப் பலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவரலாம் என்கிறது லேவியராகமம். சரியான தராசு, சரியான மரக்கால் என்ற கட்டளையும் அதே புத்தகத்தில்தான். சடங்கு ஒரு பக்கம், தீர்க்கதரிசி மறுபக்கம் என்று கோடு கிழிக்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியப் பேராசிரியர்களிடம் வலுப்பட்டது. நம் விளக்கவுரைகளில் அந்த வாடை இன்னும் போகவில்லை.

ஆசாரியர்களுக்கு நெத்தியடி ஓசியாவிடம் இருக்கிறது. எபிரெயத்தில் ஹத்தாத் என்றால் பாவம் என்றும் பொருள், பாவநிவாரணப் பலி என்றும் பொருள். அந்தப் பலியின் இறைச்சியில் ஆசாரியருக்குப் பங்குண்டு. ஜனங்களின் ஹத்தாத்தைத் தின்று வயிறு வளர்க்கிறார்கள் என்கிறார் ஓசியா. பாவம் பெருகினால் வரும்படி பெருகும்! பொருளாளராக இருந்தவனுக்கு அந்த வார்த்தை விளையாட்டு சிரிப்பாக வரவில்லை.

இனி எரேமியா. இவரிடம் கொஞ்சம் நின்றே போக வேண்டும். கி.மு. 609 வாக்கில், யோயாக்கீம் பட்டத்துக்கு வந்த புதிதில், தேவாலய வாசலில் நின்று, உள்ளே நுழைகிறவர்களைப் பார்த்துப் பேசினார். கர்த்தரின் ஆலயம் என்று அவர்கள் மூன்று தரம் அடுக்கிச் சொல்வதை எடுத்துக்காட்டி, அந்தப் பொய்யை நம்பாதீர்கள் என்றார். அங்கேதான் கள்ளர் குகை என்ற சொல் வருகிறது. கள்ளர் குகை என்றால் கோயிலுக்குள் திருட்டு நடக்கிறது என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். குகைக்குள் எந்தக் கள்ளன் திருடுவான்? வெளியே திருடிவிட்டு வந்து பத்திரமாகப் பதுங்குகிற இடம் அது. வாசலுக்கு வெளியே என்ன செய்தாலும் உள்ளே வந்துவிட்டால் தப்பித்தோம் என்ற நிம்மதியைத்தான் எரேமியா குகை என்கிறார்.

ஆசாரியரும் மற்றத் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்துச் சாக வேண்டும் என்றார்கள். அப்போது நாட்டு மூப்பர் சிலர் எழுந்து, எசேக்கியா ராஜா காலத்தில் மொரேசா ஊர் மீகா இதைவிடக் கடுமையாகச் சொன்னாரே, அவரைக் கொன்றோமா என்று கேட்டார்கள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்திய பேச்சு, யாரோ ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்கள். சாப்பானின் மகன் அகீக்காமும் துணை நின்றதால் எரேமியா பிழைத்தார். அதையே பேசிய உரியா என்பவர் பிழைக்கவில்லை. எகிப்துக்கு ஓடியும் பிடித்து வந்து வெட்டினார்கள்.

இருபது வருஷம் கழித்து நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். எரேமியா 34. ஆராதனையில் அநேகமாக வாசிக்கப்படாத அதிகாரம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. பயம் பிடித்த சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்கிறார்கள். ஒரு கன்றை இரண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே நடந்து, எங்கள் எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்கிறோம் என்று சத்தியம் பண்ணுகிறார்கள். சொன்னபடி விடுதலையும் செய்தார்கள்! இதைவிட உத்தமமான ஆராதனை எது? சடங்கும் இருக்கிறது, மனமும் இருக்கிறது, செயலும் இருக்கிறது. பிறகு எகிப்திலிருந்து ஒரு சேனை புறப்பட்டது என்று கேள்விப்பட்டு பாபிலோன் படை முற்றுகையைத் தளர்த்திப் போய்விட்டது. ஆபத்து நீங்கியதும் விட்ட அடிமைகளை எல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த அடிமைகளை நினைத்துப் பாருங்கள். சில வாரமோ சில மாதமோ தன் காலில் நடந்த ஒரு பெண், பழைய எஜமான் வீட்டு வாசலுக்குத் திரும்ப இழுத்து வரப்படுகிறாள். எரேமியாவுக்கு வந்த வார்த்தை அந்த விடுதலை என்ற சொல்லையே திருப்பிப் போடுகிறது: நீங்கள் கொடுக்காத விடுதலையை நான் உங்களுக்குக் கொடுக்கிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விட்டுவிடுகிறேன் என்ற கருத்தில். படை திரும்பி வந்தது. நகரமும் ஆலயமும் எரிந்தன.

அந்த மனுஷரும் கன்றின் துண்டுகளுக்கு நடுவே நடந்தபோது நடிக்கவில்லை என்றே நம்புகிறேன். நிஜமாகவே பயந்தார்கள், நிஜமாகவே பொருத்தனை செய்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் செய்யும் பொருத்தனைகள் மாதிரி.

இந்தப் பாடங்களை யூதர்கள்மேல் எறிகிற கல்லாக நாம் ஆக்கிக்கொண்டதைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் ஜெப ஆலயங்களில் இவற்றை எப்போது வாசிக்கிறார்கள் தெரியுமா? வருஷத்தின் மிகப் பெரிய உபவாசமான பாவநிவாரண நாள் காலையில், எல்லோரும் பட்டினியாக இருக்கும்போது, உபவாசத்தைக் கேள்வி கேட்கும் ஏசாயா 58 வாசிக்கப்படுகிறது. லேவியராகமத்தின் பலி விதிகள் வாசிக்கும் ஒரு வாரத்துக்கு, பலிகளைப் பற்றி நான் உங்கள் முன்னோர்களோடு பேசவே இல்லை என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 7 துணைப்பாடம். ஆலயம் இடிந்த துக்க நாளுக்கு முந்தின ஓய்வுநாளில் ஏசாயாவின் முதல் அதிகாரம். தங்களைத் திட்டும் பாடத்தைத் தங்கள் பண்டிகைக்கே வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். நம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எரேமியா 7-ஐ யாராவது பாடமாக வைத்து நான் கேட்டதில்லை. அசனப் பந்தி பரபரப்பில் யார் காதிலும் விழாது என்பது வேறு விஷயம்.

நமக்கென்றே எழுதின ஒரு பகுதி எசேக்கியேல் 33-இன் கடைசியில் இருக்கிறது. ஜனங்கள் வந்து அவர் முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். நல்ல குரலில் காதல் பாட்டுப் பாடி, வாத்தியமும் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கர்த்தர் அவரிடமே சொல்கிறார். "இன்றைக்கு உங்கள் வாசிப்பு அருமை" என்று யாராவது உங்கள் கையைப் பிடிக்கும்போது அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது அந்தச் சாம்பல் புதனுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், சின்னதுதான். மீகா ஆறாம் அதிகாரம் பாடமாக வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. என்ன கொண்டுவந்து கர்த்தர் முன் நிற்பேன் என்று ஒருவன் கேட்கிறான். ஒரு வயதுக் கன்றுகளில் ஆரம்பித்து, ஆயிரம் ஆட்டுக்கடா, பதினாயிரம் எண்ணெய் ஆறு, கடைசியில் தலைப்பிள்ளை என்று நம் அறுப்பின் பண்டிகை ஏலம் மாதிரி விலை ஏறிக்கொண்டே போகிறது. எட்டாம் வசனத்தில் பதில்: நியாயம் செய்வது, இரக்கத்தை நேசிப்பது, கர்த்தரோடு தாழ்மையாக நடப்பது. காலண்டரில் போடுகிறோம், சுவரில் மாட்டுகிறோம். பல சபைகள் பின்பற்றும் பாட அட்டவணையிலும் பாடம் அந்த எட்டோடு முடிந்துவிடும். யூதர்களின் வாசிப்பும் அங்கேதான் நிற்கிறது. அந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று.

ஆனால் மீகா நிறுத்தவில்லை. ஒரு வசனம் விட்டு அடுத்ததில் குறைந்த மரக்கால் வருகிறது. பதினொன்றில் கள்ளத்தராசும், கள்ள எடைக்கற்கள் போட்ட பையும் வருகின்றன. நியாயம், இரக்கம் என்று அவர் சொன்னது எந்தக் கடையைப் பற்றி, எந்தப் பையைப் பற்றி என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்த தரம் அந்தப் பாடம் உங்கள் பங்குக்கு வந்தால் எட்டில் புத்தகத்தை மூடாதீர்கள். இன்னும் மூன்று வசனம்தான். பதினொன்றையும் வாசித்துவிட்டு, "இத்துடன் முதலாம் பாடம் முடிகிறது" என்று சொல்லுங்கள். அட்டவணையில் எட்டு வரைதானே போட்டிருக்கிறது என்று ஐயர் கேட்டால், பழைய பொருளாளர்தான் வாசிக்கச் சொன்னார் என்று என்மேல் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நின்ற ஒருவன்